திரையில் ஒரு கோயிற்பிள்ளை

போதகரைச் சித்திரிக்கும் திரைப்படங்களுள் சிறந்த நடிப்பு எது என்னும் பேச்சு உடன் ஊழியரிடையே எழும்போதெல்லாம், பலர் பிரெஞ்சு இயக்குநர் பிரெசோனின் 'நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' (1951) படத்து இளங்குருவையே முன்வைப்பர். குளோடு லேதுவின் அம்மெலிந்த முகத்தை யானும் மதிக்கிறேன். ஆயினும் அக்குருவை நேசிப்பது எளிது. என் தெரிவு, சுவீடன் நாட்டு இங்மார் பெர்க்மனின் 'விண்டர் லைட்' (1963). லுத்தரன் போதகரின் மகனான பெர்க்மன் இதற்குத் தம் மொழியில் இட்ட பெயர், திருவிருந்தில் பங்குபெறுவோர் எனப் பொருள்படும்.

போதகர் தோமாஸாக வரும் குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்ட் நம் அன்பை நாடுவதே இல்லை. சீனாவின் அணுகுண்டை எண்ணி அஞ்சும் மீனவன் யோனாஸ் அவரிடம் வருகிறான். அவரோ தம் சொந்த ஐயங்களையே கொட்டித் தீர்க்கிறார். எழுந்து சென்றவன் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். இக்காட்சியின் நேர்மையைப் புகழ்வோர் உளர், எனக்கு உடன்பாடில்லை. துயருற்றவன்முன் தன்னைப்பற்றியே பேசுவது நேர்மையாயினும் மேய்ப்புப்பணி ஆகாது. நம் மாணவர் வீடு சந்திக்கப் புறப்படுமுன் இதைக் காண்பது நன்று.

இதற்கு மறுமொழி போன்றது, ஆலன் எத்வால் ஏற்ற கோயிற்பிள்ளை அல்கோத்தின் சிறு வேடம். உடல் நலிந்த அம்மனிதர், ஆராதனைக்குச் சற்றுமுன், கிறிஸ்துவின் பாடுகளில் உடல் நோவைவிடச் சீஷர் கைவிட்டதும் பிதாவின் மௌனமுமே கொடியவை அல்லவா எனத் தயங்கித் தயங்கி வினவுகிறார். குரல் உயரவில்லை, கண்ணீருமில்லை. அப்பொழுது பியோர்ன்ஸ்ட்ராண்டின் முகத்தைக் கவனியுங்கள். எனக்குத் தோன்றியவரை, போதகர் மெய்யாகச் செவிகொடுப்பது அங்குதான். பின்னர் ஏறத்தாழ ஆளற்ற ஆலயத்தில் ஆராதனை தொடங்குகிறது. அதனை வெறுஞ் சடங்கு என்பார் நண்பர் ஒருவர். அவர் கோயிற்பிள்ளையை மறந்துவிட்டார்.