பயமும் சிரிப்பும்

2020இல் அமேசான் பிரைமில் வெளியான பிரிட்டிஷ் தொடர் ‘ட்ரூத் சீக்கர்ஸ்’. மொத்தம் எட்டுப் பகுதிகள். நிக் ஃப்ரோஸ்ட் நடித்த கஸ், வீடுவீடாக இணைய இணைப்பு கொடுப்பவர். மற்ற நேரத்தில் கேமராவும் கையுமாகப் பேய் தேடுபவர். புதுக் கூட்டாளி எல்டனோ பயந்த சுபாவம். பேய் வரும் காட்சிகளில் விளையாட்டே இல்லை. சிரிப்பெல்லாம் மனிதர்களிடமிருந்து வருகிறது. அதுதான் இதன் அழகு.

மலேசியாவின் கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை ரப்பர் தோட்டங்களில் கதை சொன்ன பெரியவர்களுக்கும் இந்த வித்தை கைவந்தது. விடியாத இருட்டில் தலைவிளக்கோடு பால்மரம் வெட்டப் போனவர், நிரையில் சலங்கைச் சத்தம் கேட்டதைச் சொல்லும்போது குரல் தாழும். வாளியைப் போட்டுவிட்டு ஓடிய இடத்தில் லயமே சிரிக்கும். முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிடும் அதே மக்கள்தான். பேயை யாரும் கேலி செய்ததில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கதைகளும் மறையாமலிருக்க, கஸ்ஸைப் போல நாமும் கேமராவை எடுக்கலாம். தாத்தா பாட்டி சொல்லும் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்க ஒரு கைப்பேசி போதும்.