வட்டுக்கு வெள்ளோட்டம்

“ஃபார்மட் அடிச்சு வேற ஓஎஸ் போட்டுக் குடுங்கண்ணா” என்று மூலனூரில் யாராவது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது பல நேரம் தமிழ்நாடு அரசு கொடுத்ததாக இருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வந்தவை. விண்டோஸுடன், டெபியனை அடியாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் அவற்றில் சேர்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். கணினி மட்டும் பருத்திக் கணக்கும் பனியன் ஜாப் ஒர்க் பில்லும் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறது. அதன் வன்தட்டில் கை வைக்கும் முன் புது நிறுவல் வட்டை எமுலேட்டரில், அதாவது கணினியாக நடிக்கும் மென்பொருளில், ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சாம்பிள் ஓகே ஆகாமல் பல்க் கட்டிங் போடக் கூடாது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதுகாப்புக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கம் போகப் போக எனக்கு ருசியாகிவிட்டது. இவ்வளவு அக்கறையாகச் செய்யப்பட்டு, இவ்வளவு அவசரமாகத் தாண்டிப்போகப்படும் மென்பொருள் நிறுவல் வட்டைப் போல வேறொன்று உண்டா? அதை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க எமுலேட்டரை விட்டால் வேறு இடமில்லை.

நான் ஓட்டுவது க்யூஎமு. பிரெஞ்சுக்காரர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்டது. அதற்கு முந்தைய போக்ஸ், பிராசசர் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நடித்துக் காட்டும், ஆமை வேகம். பெல்லார்ட் அவற்றைக் கொத்துக் கொத்தாக மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்பை எடுத்துவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் வழியைப் பிடித்தார். 2007-ல் லினக்ஸ் கெர்னலுக்குள் கேவிஎம் வந்த பிறகு உண்மையான பிராசசரே அந்த வேலையை நேரடியாகச் செய்துவிடுகிறது. இது போதும், வட்டுக்கு வருவோம்.

வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பின் முதல் 32,768 பைட்டுகளை, அதாவது 2,048 பைட் கொண்ட 16 செக்டர்களை, சிடிக்கான தரநிலை தொடாமல் விட்டுவைத்திருக்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 17-ஆம் செக்டரில், ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995-ல் வகுத்த ‘எல் டொரிட்டோ’ முறைப்படி, பூட் ஆக வேண்டியது எங்கே என்ற குறிப்பு இருக்கும். பழைய பயாஸ் சிடியில் தேடுவது அதைத்தான். பென்டிரைவ் என்றால் பயாஸ் முதல் 512 பைட்டைத்தான் பார்க்கும். சும்மா கிடந்த அந்த முன்னிடத்தில்தான் அதற்கான பூட் நிரலைச் செருகிவிட்டார்கள். பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ உள்ள கணினிக்கு இன்னொரு வழி. ஒரே கோப்பு, ஒரு பைட்கூட மாறாமல், மூன்று விதத்திலும் எழுந்து நிற்கிறது. முதலில் சிடியாகக் கொடுத்து, பிறகு அதையே யுஎஸ்பி தட்டாகக் கொடுத்து, கடைசியில் பயாஸைக் கழற்றி ஓவிஎம்எஃப் என்ற யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரை மாட்டி க்யூஎமுவில் மூன்றையும் பார்த்துவிடலாம். சிடியாக மட்டும் ஓட்டிவிட்டு ‘வட்டு நல்லா இருக்கு’ என்பவர்களின் பேச்சை நான் நம்புவதில்லை.

நிறுவப்போகும் வன்தட்டும் பொய்தான். 20 ஜிபி என்று சொல்லி ஒரு க்யூகவ்2 கோப்பை உண்டாக்கினால், நிஜத்தில் அது பிடிக்கும் இடம் 200 கேபிகூட இல்லை. எழுத எழுதத்தான் வளரும். நிறுவியோ முழு 20 ஜிபியையும் நம்பிப் பாகம் பிரிக்கிறது. மாற்றங்களை வட்டில் எழுதட்டுமா என்று கேட்கும் திரைதான் எனக்குப் பிடித்த இடம். நிஜக் கணினியில் அங்கே கை தயங்கும். இங்கே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு ‘ஆம்’ சொல்லலாம். முழுத் தட்டையும் கொடுத்து ஒருமுறை, எல்விஎம் போட்டு ஒருமுறை, குறியாக்கத்தோடு ஒருமுறை என்று அதே நொடிக்குத் திரும்பத் திரும்ப வரலாம். அப்படி வந்து பார்க்கும்போதுதான், டெபியன் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்பதையே முன்கூட்டித் தேர்ந்து வைத்திருப்பது கண்ணில் படுகிறது. செய்தவர்களின் மனசு தெரிகிற இடம்.

தமிழில் நிறுவிப் பார்ப்பது தனிச் சுகம். டெபியனுக்கு வரைகலை நிறுவி வந்தது 2007 ஏப்ரலில், 4.0 எட்ச் பதிப்பில். எழுத்து மட்டும் காட்டும் பழைய திரையில் எல்லாமே சம அளவுக் கட்டங்கள். முன்னும் பின்னும் குறி வாங்கும் ‘கொ’ அதில் ஒழுங்காக உட்காராது. அதனால் தமிழும் மலையாளமும் இந்தியும் வரைகலைத் திரையில் மட்டுமே கிடைத்தன. எமுலேட்டர் சன்னலைப் பெரிதாக்கி, ஒவ்வொரு திரையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகுகிறதா, பொத்தானுக்குள் சொல் அடங்குகிறதா, எந்த இடத்தில் தமிழ் நின்றுபோய் ஆங்கிலம் தலைகாட்டுகிறது? வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது இதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை?

அப்புறம் மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு பட்ட பாட்டை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொதிகள் பிரிந்துகொண்டிருக்கும்போதே க்யூஎமுவைப் பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்பினால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. க்யூஎமு செத்தாலும், அதுவரை அது கொடுத்துவிட்ட தரவு, அதை ஓட்டும் கணினியின் நினைவகத்தில் தங்கி, பிறகு பத்திரமாக வட்டில் இறங்கிவிடும். நிஜமான கரண்ட் கட் அவ்வளவு இரக்கம் காட்டாது. கடிகார பேட்டரி தீர்ந்த பழைய மடிக்கணினி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதியைச் சொன்னால் க்யூஎமு அதையும் நடிக்கும். இணையம் கிடைத்ததும் நிறுவி நேரத்தைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர்வதைப் பார்க்க எனக்கு அலுக்காது.

ஆனால் எமுலேட்டரில் தெரியாமல் போவதும் உண்டு. க்யூஎமு வழக்கமாகக் காட்டும் சிப்செட் 1996-ன் இன்டெல் 440எஃப்எக்ஸ். நெட்வொர்க் கார்டு இன்டெல் இ1000. இந்த இரண்டையும் தெரியாத லினக்ஸ் கிடையாது, ஆகவே எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதே வட்டை மடிக்கணினியில் போட்டால் வைஃபை எழாமல் போகலாம். பல வைஃபை கார்டுகள் கேட்கும், கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை டெபியன் தன் அதிகாரபூர்வ வட்டிலேயே சேர்த்தது 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான்.

இப்போது இந்தப் பார்வையிடலை இயந்திரமும் செய்கிறது. சூசெவில் உருவான ஓப்பன்கியூஏ, க்யூஎமுவுக்குள் வட்டை ஓட்டி, திரையைப் படம் பிடித்து, ‘நீடில்’ என்று அவர்கள் சொல்லும் மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டு, பொருந்தினால் அடுத்த விசையை அழுத்துகிறது. ஃபெடோராவும் அதை நம்பியிருக்கிறது. நள்ளிரவிலும் சலிக்காத அந்த உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நேற்றைய படம் இன்றும் அப்படியே இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. தமிழ்ச் சொல் பொத்தான் ஓரத்தில் வெட்டுப்பட்ட நிலையிலேயே மாதிரிப் படம் பதிவாகிவிட்டால், ஒவ்வொரு முறையும் பச்சைதான் காட்டும். யாராவது அந்தச் சொல்லைச் சரிசெய்தால், அன்றைக்குத்தான் சிவப்பு எரியும்.