மனநல வினாப்பட்டியல்களும் ஹிஸ்பானிக் நோயாளிகளும்: நம்பகத்தன்மை எதைச் சொல்கிறது?

அமெரிக்காவில் ஆரம்ப சுகாதார மருத்துவர்கள் மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படுத்துவது பி.எச்.கியூ-9 என்னும் வினாப்பட்டியல். ஸ்பிட்சர், குரோங்கி, வில்லியம்ஸ் ஆகியோர் உருவாக்கிய இதில் ஒன்பது வினாக்கள் உள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. பொதுவாக 10 எடுத்தவரை மேற்கொண்டு விசாரிப்பார்கள். 9 எடுத்தவர் விடுபட்டுப் போகலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஹிஸ்பானிக் மக்கள் 6.2 கோடிப் பேர். அந்த மதிப்பெண் இவர்களுக்கும் சரியாக விழுகிறதா என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

ஆய்வுக் கட்டுரைகள் இதற்கு வழக்கமாக ஓர் எண்ணையே விடையாகத் தருகின்றன. 1951இல் லீ குரோன்பாக் விளக்கிய 'ஆல்ஃபா' அது. ஒரு பட்டியலில் உள்ள வினாக்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது காட்டும். 0.7ஐத் தாண்டினால் போதும் என்பது வழக்கம். பி.எச்.கியூ-9இன் ஸ்பானிய வடிவம் பொதுவாக இதில் எளிதாகத் தேறிவிடுகிறது. உடனே 'ஹிஸ்பானிக் நோயாளிகளுக்கு நம்பகமானது' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தத் தாவலை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு என்பது பி.எட். வகுப்பின் பாலபாடம். மாணவருக்குச் சரியாகத் தெரியாத மொழியில் கணக்குத் தேர்வு வைத்தாலும் மதிப்பெண்கள் தமக்குள் அழகாக ஒத்துப்போகும். அளந்தது கணக்கை அல்ல, மொழியை. ஆல்ஃபா அதைக் காட்டிக்கொடுக்காது.

பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1977இல் வெளியான சி.இ.எஸ்.-டி என்ற 20 வினாப் பட்டியலில் மனத்துயரம் பற்றிய வினாக்களும் தூக்கம், பசி போன்ற உடல் தொல்லைகள் பற்றிய வினாக்களும் தனித்தனிக் கூறுகளாகப் பிரியும் என்று கண்டிருந்தார்கள். மெக்சிகோ, கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர்களின் விடைகளை 1989இல் குவார்னாச்சியாவும் சக ஆய்வாளர்களும் அலசியபோது இரண்டும் ஒன்றாகவே சேர்ந்து நின்றன. உடல் நோவதும் மனம் நோவதும் இவர்களுக்கு இரண்டு தனிச் செய்திகள் அல்ல. அப்படியிருக்க, அதே மொத்த மதிப்பெண்ணுக்கு அதே பொருள் என்று எப்படிக் கொள்வது?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர், சீன அமெரிக்கர், லத்தீனோ, வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினரை ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வு, பி.எச்.கியூ-9 எல்லாரிடமும் ஒரே பொதுவான கருத்தையே அளக்கிறது என்று கண்டது. பட்டியலைத் தூக்கி எறியத் தேவையில்லை. ஆனால் சில வினாக்கள் பிரிவுக்குப் பிரிவு வேறுவிதமாகச் செயல்பட்டன என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். பின்வந்தவர்கள் முதல் பாதியை மேற்கோள் காட்டும் வேகத்தில் இரண்டாம் பாதியைக் காட்டுவதில்லை.

அடுத்து, கேட்கப்படாத கேள்விகள். 'நெர்வியோஸ்' என்று ஸ்பானிய மக்கள் சொல்வது வெறும் பதற்றம் அல்ல; வாழ்க்கைத் துன்பம் உடலில் ஏறி உட்கார்ந்துவிட்ட நிலை. 'அத்தாக்கே தே நெர்வியோஸ்' வந்தால் உடல் நடுங்கும், அழுகை பீறிடும், மார்பிலிருந்து தலைக்கு வெப்பம் ஏறும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994லேயே இதைக் குறித்திருக்கிறது. பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 பட்டியலின் ஏழு வினாக்களில் இது இல்லை. கேட்காத கேள்விக்கு ஆல்ஃபா கிடையாது.

'ஹிஸ்பானிக்' என்ற சொல்லே ஒரு பெரிய சாக்கு மூட்டை. குவாத்தமாலாவிலிருந்து வந்த கிச்சே மொழிக்காரருக்கும் ஒஹாகாவிலிருந்து வந்த மிஸ்தெக் மொழிக்காரருக்கும் ஸ்பானியம் இரண்டாம் மொழி. அவர்களையும் இதே மூட்டையில் போட்டு ஒரே எண்ணைத் தந்தால் யாரைப் பற்றிய எண் அது?

படிவத்தை யார் வாசித்தார் என்ற விவரமும் முக்கியம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் வாசிக்கலாம். சில சமயம் உடன்வந்த மகளே வாசிப்பாள். ஒன்பதாவது வினா, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. மகளின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும்போது எத்தனை தாய்மார்கள் 0 தவிர வேறு விடை சொல்வார்கள்?