முகமும் நிலையும்: தாதுப் பஞ்சம் முதல் எண்ணூர் வரை

ஓர் உருவப்படத்தின் பொருளை ஒளியும் கருவியும் மட்டும் தீர்மானிப்பதில்லை. படம் எடுக்கப்படுபவரின் முகபாவமும், அவர் நிற்கும் அல்லது அமரும் பாங்கும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. முகவாய் சற்றே உயர்ந்தால் மிடுக்கு வெளிப்படுகிறது. தோள் தாழ்ந்தால் இரக்கம் பிறக்கிறது. ஆனால் அந்தப் பாங்கைத் தேர்ந்தவர் யார், நிற்பவரா, நிற்க வைத்தவரா? இந்த வினாவை எழுப்பாமல் உருவப்படத்தின் அழகைப் பேசும் திறனாய்வு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பசியையும் நிவாரணத்தையும் நெடுங்காலமாக அறிந்த வடசென்னைக்கு இவ்வினா புதிதன்று.

இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்குக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றும் ஒரு பெயர் உண்டு. 1780களின் பஞ்ச காலத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கப்பட்ட நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இம்முறை கஞ்சித் தொட்டியின் அருகே கேமராவும் வந்து நின்றது.

அக்கேமராவுக்கு உரியவர்களுள் முதன்மையானவர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் (1837-1912). எலும்பும் தோலுமான ஆண், பெண், குழந்தைகளை அவர் குழுக்களாக அமர்த்திப் படமெடுத்தார். சிலர் அமர்ந்திருக்கின்றனர், சிலர் சாய்ந்திருக்கின்றனர். விலா எலும்புகள் தெளிவாகத் தெரியும்படி உடல்கள் கேமராவை நோக்கியுள்ளன. ஒரு படத்திற்கு 'இலவச நிவாரணத்திற்குத் தகுதியானோர்' எனும் பொருள்படத் தலைப்பிடப்பட்டிருந்தது. இத்தலைப்புக்கு ஏற்பவே அந்த நிலையும் அமைந்திருக்கிறது. அமர்ந்தவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை, தொழிலில்லை. தகுதியை மெய்ப்பிக்க உடல் மட்டுமே சான்றாக வைக்கப்படுகிறது.

இப்படங்களால் பயனே விளையவில்லை எனக் கூறுவது நியாயமாகாது. நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என 1877இல் அரசுத் தரப்பு வாதிட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை மறுத்துப் போராடினார். அத்தகைய சூழலில் மெலிந்த உடலின் படம் மறுக்கவியலாத சாட்சியமாகும். எனினும் சாட்சியம் சொல்பவருக்கும் சாட்சியப் பொருளாக்கப்படுபவருக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. இப்படங்களிலுள்ள கண்களில் கெஞ்சலும் இல்லை, சினமும் இல்லை. அவற்றை வெறுமை எனக் கொள்வதா, படமெடுப்பவருக்குத் தம் உள்ளத்தைக் காட்ட மறுத்த இறுதித் தன்மானம் எனக் கொள்வதா என்பது நோக்குவோரின் மனச்சான்றைப் பொறுத்தது.

ஹூப்பரின் பிற்கால வரலாறு இவ்வையத்தை வலுப்படுத்துகிறது. 1886இல் மண்டலேயில் இராணுவக் காவல்துறைத் தலைவராக இருந்தபோது, சுட்டுக் கொல்லப்படவிருந்த பர்மியரின் முகபாவத்தைப் பதிவு செய்வதற்காகச் சுடும் ஆணையைத் தாமதித்தார் என அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. இலண்டன் நாளிதழிலும் நாடாளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது. விசாரணைக்குப் பின் அவர் கண்டிக்கப்பட்டார். முகபாவத்தை வேட்டைப் பொருளாகக் கருதும் கலை எங்குச் சென்று முடியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று தேவையில்லை.

நேர்முகமாக அமரும் நிலையே இழிவானது என்பதன்று இதன் பொருள். நம் ஸ்டூடியோக்களின் பழைய குடும்பப் படங்களை நோக்குக. அங்கும் உடல் கேமராவை நேராக எதிர்கொள்கிறது, கைகள் முழங்கால்மீது அமைந்திருக்கின்றன, முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் அந்தத் தொப்பியும், சலவைச் சட்டையும், பக்கத்தில் நிறுத்திய பிள்ளையும் அமர்ந்தவரின் தேர்வு. ஒரே நிலை ஓரிடத்தில் கண்ணியமாகவும் வேறோரிடத்தில் காட்சிப் பொருளாகவும் மாறுவது இத்தேர்வுரிமையினால்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவு பரவியபோது, மீனவர்கள் கறுத்துப் பிசுபிசுத்த கைகளைக் கேமராவை நோக்கி விரித்துக் காட்டினர். அந்நிலையை வேறெவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர்களே முன்வைத்த வழக்கு. 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் எம். பழனிகுமார் எடுத்த தூய்மைப் பணியாளர் குடும்பங்களின் படங்களும் இவ்வகையினவே. மலக்குழியில் மாண்டவரின் படத்தை ஏந்தி நிற்கும் மனைவி நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை, விடை கேட்கிறார்.

இவ்விடத்தில் நம் சமூகம் தன்னையும் நோக்க வேண்டியுள்ளது. புகைப்படம் ஆகுமா, ஆகாதா என்பதை எகிப்தின் முஃப்தி முஹம்மத் பகீத் அல்முதீஈ போன்ற அறிஞர்கள் சென்ற நூற்றாண்டிலேயே விரிவாக ஆராய்ந்தனர். எவ்வாறு எடுப்பது என்ற வினாவோ போதிய கவனம் பெறவில்லை. 2015 வெள்ளத்தின்போது சாதி சமயம் பாராது முஸ்லிம் தொண்டர்கள் ஆற்றிய பணி போற்றத்தக்கது. எனினும் நிவாரணப் படங்களுக்கென்றே ஒரு நிலை உருவாகிவிட்டது. அரிசிப் பையின் ஒரு முனை கொடுப்பவர் கையிலும் மறு முனை பெறுபவர் கையிலும் இருக்க, இருவரும் கேமராவைப் பார்க்கின்றனர். கொடுப்பவர் முகத்தில் புன்னகை. பெறும் தாயின் முகத்தில் கூச்சம். அந்தக் கூச்சத்தை அறியத் திறனாய்வாளர் எவரும் தேவையில்லை.

அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம், வற்புறுத்திக் கேட்காத ஏழைகளை அவர்களின் அடையாளத்தைக் கொண்டே அறியலாம் என உணர்த்துகிறது. முகத்தைப் படிக்கும் கடமை அங்குக் கொடுப்பவருக்கு உரியது. அம்முகத்தைப் பிறருக்குக் காட்டும் உரிமை அதனால் அவருக்குக் கிடைத்துவிடாது. அதே அத்தியாயத்தின் 271ஆம் வசனம் மறைத்துக் கொடுப்பதை மேலெனக் கூறுவதும் கருதத்தக்கது. கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு அறக்கட்டளைகளுக்கு உண்டென்பது மெய்யே. அதற்கு அடுக்கிய மூட்டைகளின் படமும் பொருட்பட்டியலும் போதும்.

உருவப்படத்தை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்றுண்டு: படத்திலிருப்பவர் அதைத் தம் வீட்டுச் சுவரில் மாட்ட விரும்புவாரா? ஹூப்பரின் படங்களுள் எதுவும் இச்சோதனையில் தேறாது. நம் நிவாரணப் படங்களுள் எத்தனை தேறும் என்பதை அடுத்த ரமளான் வருமுன் நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.