கால்வாசிக் கடலைத் திறந்தபோது

பிலிப்பைன்ஸின் செபு தீவுக்குத் தெற்கே சுமிலோன் என்றொரு குட்டித் தீவு. 1974-இல் சிலிமன் பல்கலைக்கழகத்தின் முயற்சியால், அதன் பவளத்திட்டில் ஏறத்தாழக் கால்பங்கில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. பத்தாண்டில் அந்தக் காவல் குலைந்தது. மூடிக் கிடந்த பகுதியிலும் வலை விழுந்தது. இடம் கூடினால் மீனும் கூட வேண்டும் அல்லவா? நடந்ததோ தலைகீழ். ஈராண்டுக்குள் தீவின் மொத்தப் பிடிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. தூண்டில், வலை, கூடு மூன்றிலும் அடி.

ஆய்வாளர்கள் ஆஞ்செல் அல்கலாவும் கேரி ரஸ்ஸும் பதிவு செய்த இந்தச் சரிவுதான் கடல் காப்பகங்களுக்கு ஆதரவான வலுவான சாட்சி. காப்பு இருந்தபோது மீன் பெருகியது என்பதோடு நில்லாமல், காப்பு போனதும் மீனும் போனது என்று அது காட்டிவிட்டது.

அருகிலிருக்கும் ஆப்போ தீவின் கதை இவ்வளவு நேரானதல்ல. அங்கே 1982 முதல் ஊர்க்காரர்களே காவல். பிடிப்பில் பெரும்பங்கு வகிக்கும் இரண்டு மீன் குடும்பங்களின் மொத்த எடை, காப்பகத்துக்குள் 18 ஆண்டுகளில் மூன்று மடங்கானது. எல்லைக்கு வெளியே? ஏறத்தாழ 250 மீட்டர் வரைதான் பெருக்கம் தெளிவாகத் தெரிந்தது. ‘வழிந்தோடும் மீன்’ என்று பிரசாரத்தில் சொல்லப்படுவது பல வேளைகளில் இவ்வளவு குறுகிய வட்டம்தான். காலமோ நீளம்: கலவா போன்ற பெரிய ஊன்தின்னி மீன்கள் முழுமையாக மீள, சுமிலோனில் 15 ஆண்டும் ஆப்போவில் 40 ஆண்டும் ஆகும் என்று அதே ஆய்வாளர்கள் கணித்தார்கள். இன்று வலையை நிறுத்தச் சொல்பவர், பலனை அந்த மீனவரின் பேரனுக்குக் காட்டுகிறார்.

இன்னொன்றும் உண்டு. மீன் பெருகிய அதே காலத்தில் ஆப்போவில் தூண்டில் போடும் உழைப்பே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. முக்குளிக்க வரும் பயணிகளால் வேறு வருமானம் பிறந்திருந்தது. ஆகவே பெருகிய மீனுக்கெல்லாம் காப்பகத்தை மட்டும் காரணம் காட்டுவது மிகை. பயணிகள் எட்டிப் பார்க்காத கரையில், மூடிய பகுதியிலிருந்து வெளியேறும் படகுகள் மிச்சக் கடலில்தான் நெருக்கியடிக்கும். அந்தக் குடும்பங்களின் இடைக்கால வயிற்றுப்பாட்டுக்கு வழி சொல்லாத காப்பகத் திட்டம் அரைகுறைத் திட்டமே.

கடைசியில் ஆப்போவுக்கு அடி மீனவரிடமிருந்து வரவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு காத்த அந்தப் பவளத்தை 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் வந்த இரண்டு புயல்கள் நொறுக்கிப் போட்டன.