குண்டு பேசாது

நம் போலீஸ் படங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். லேபிலிருந்து போன் வரும். "சார், புல்லட் மேட்ச் ஆயிடுச்சு." அவ்வளவுதான், அடுத்த காட்சியில் கைவிலங்கு. அந்த ‘மேட்ச்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கு என்று யாரும் கேட்பதில்லை. நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் நடந்த சாக்கோ–வன்செட்டி வழக்கைப் படித்த நாட்களில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது அந்தச் சொல்தான். இந்த வழக்கை எல்லோரும் அரசியலாகப் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் எனக்கு இது ஒரு வாசிப்புப் பிரச்சினையாகவும் படுகிறது. ஒரு சாட்சி சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை யார் எப்படிப் படித்தார்கள் என்பதில் உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

1920 ஏப்ரல் 15. மாசசூசெட்ஸ் மாநிலம், தெற்கு பிரைன்ட்ரீ. ஒரு ஷூ தொழிற்சாலையின் சம்பளப் பணத்தைக் கொண்டுபோன பார்மென்டரையும் அவருக்குக் காவலாகப் போன பெரார்டெல்லியையும் சுட்டுக் கொன்றுவிட்டு 15,776 டாலரோடு ஒரு கும்பல் காரில் தப்பியது. மே 5 அன்று ஷூ தொழிலாளி நிக்கோலா சாக்கோவும் மீன் விற்ற பார்த்தலோமியோ வன்செட்டியும் கைதானார்கள். இருவரும் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள், அனார்க்கிஸ்டுகள். இருவரிடமும் துப்பாக்கி இருந்தது. விசாரணையில் இருவரும் பொய் சொன்னார்கள். இடதுசாரிகளை வீடு புகுந்து பிடித்து நாடுகடத்திக்கொண்டிருந்த காலம் அது. பயத்தில் பொய் சொன்னார்களா, குற்றத்தை மறைக்கச் சொன்னார்களா? அங்கேயே வாசிப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

செத்தவர்களின் உடல்களிலிருந்து ஆறு குண்டுகள் கிடைத்தன. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பெரார்டெல்லியின் உடலில் இருந்த குண்டுகளின் அடியில் ஊசியால் ரோமன் எண்களைக் கீறிவைத்தார். துப்பாக்கிக் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் இருக்கும். குண்டு அவற்றில் உரசிச் சுழன்றபடிதான் வெளியே வரும். ஆறில் ஐந்து குண்டுகளில் அந்தச் சுருள் வலப்பக்கம் போனது. பெரார்டெல்லியைக் கொன்ற மூன்றாம் எண் குண்டில் மட்டும் இடப்பக்கம். கோல்ட் கம்பெனித் துப்பாக்கிகளின் சுருள் இடப்பக்கம் போகும். சாக்கோவிடம் இருந்ததும் .32 கோல்ட்.

இங்கேதான் நிதானம் தேவை. குண்டின் அளவும் சுருளின் திசையும் எந்த வகைத் துப்பாக்கி என்று மட்டுமே சொல்லும். விபத்து நடந்த இடத்தில் பதிந்த டயர் தடத்தைப் பார்த்து டயர் என்ன ரகம் என்று சொல்லிவிடலாம். உங்கள் வண்டிதான் மோதியது என்று சொல்ல, உங்கள் டயரில் மட்டும் இருக்கிற வெட்டோ தேய்மானமோ தடத்தில் தெரிய வேண்டும். துப்பாக்கியிலும் அப்படித்தான். குழலுக்குள் இருக்கும் நுண்ணிய கீறல்கள் குண்டில் பதிந்திருக்கின்றனவா என்று தேட வேண்டும். முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறுவது சின்ன விஷயம் இல்லை.

1921இல் டெடம் நகர நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. மாநில போலீஸ் கேப்டன் வில்லியம் ப்ராக்டர் அரசுத் தரப்பு நிபுணர். மூன்றாம் குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டதா என்ற கேள்விக்கு, அப்படிச் சுடப்பட்டதோடு அது ‘ஒத்துப்போகிறது’ என்றார். இன்னொரு அரசு நிபுணரான வான் ஆம்பர்க், அப்படி நம்பும் பக்கம் தன் மனம் சாய்வதாகச் சொன்னார். எதிர்த் தரப்பின் இரண்டு நிபுணர்கள் இல்லவே இல்லை என்றார்கள். ‘ஒத்துப்போகிறது என்றால் என்ன அர்த்தம், கேப்டன்?’ என்று சாக்கோவின் வக்கீல்கள் கேட்கவில்லை. நீதிபதி வெப்ஸ்டர் தேயரோ, ஜூரிக்கு வழக்கைச் சுருக்கிச் சொன்னபோது, குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்துதான் வந்தது என இந்த இரு நிபுணர்களும் சாட்சி சொன்னதாகவே எடுத்துவைத்தார். ‘வந்திருக்கலாம்’ என்பது நீதிபதியின் வாயில் ‘வந்தது’ ஆகிவிட்டது. குண்டில் புதிதாக ஒரு கீறலும் சேரவில்லை. வினைச்சொல்தான் மாறியது.

1923இல் ப்ராக்டர் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். இந்தத் துப்பாக்கிதான் என்று சொல்லத் தனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அரசு வழக்கறிஞருக்கு அது தெரியும். அதனால்தான் கேள்வியும் பதிலும் அப்படி அமைக்கப்பட்டன என்றார். மறுவிசாரணை கேட்ட மனு யாரிடம் போனது? அதே தேயரிடம். அன்றைய சட்டம் அப்படி. 1924இல் தள்ளுபடி செய்தார்.

இந்த வாக்கியத்தை 1927இல் பிரித்துக் காட்டியவர் ஃபீலிக்ஸ் ஃப்ராங்ஃபர்ட்டர். அப்போது ஹார்வர்டில் சட்டப் பேராசிரியர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. வழக்கைப் பற்றிய அவரது சின்னப் புத்தகத்தை நான் ஒரு நல்ல இலக்கிய விமர்சனமாகவே படித்தேன். ஒரு சொல் நீதிமன்றத்தில் எப்படிக் கைமாறிக் கைமாறி வீங்குகிறது என்பதை அவர் காட்டும் விதம் அபாரம். ஆனால் ஒரு குறை. சாட்சி சொன்ன வாக்கியத்தில் சத்து இல்லை என்று நிரூபித்துவிட்டால், குண்டு அந்தத் துப்பாக்கியிலிருந்து வரவில்லை என்று ஆகிவிடாது. படிக்கிற நமக்கு அந்த இரண்டும் ஒன்றாகவே தோன்றிவிடுகிறது. எனக்கும் தோன்றியது. ஏனென்றால் மனசு ஏற்கெனவே சாக்கோ பக்கம் போயிருந்தது.

அடுத்து வருவதை ஜீரணிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அதே 1927இல் கால்வின் காடர்ட், இரண்டு குண்டுகளை ஒரே பார்வையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கியோடு டெடம் வந்தார். மூன்றாம் குண்டு சாக்கோவின் துப்பாக்கியில் சுடப்பட்டதே என்றார். ஆகஸ்ட் 23 அன்று இருவரும் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். 1961இலும் 1983இலும் திரும்பச் சோதித்தார்கள். அதே முடிவு. இருவரும் நிரபராதிகள் என்று நம்பி ஆராயத் தொடங்கிய ஃப்ரான்சிஸ் ரஸ்ஸல், சாக்கோ குற்றவாளி, வன்செட்டி நிரபராதி என்ற முடிவோடு 1962இல் புத்தகம் எழுதினார். தன் நம்பிக்கைக்கு எதிராக ஆதாரம் வந்தபோது அதை மறைக்காமல் எழுதிய நேர்மைக்காகவே அதைப் படிக்கலாம்.

வில்லியம் யங்கும் டேவிட் கைசரும் 1985இல் வேறு கோணம் பிடித்தார்கள். பெரார்டெல்லியை ஒரே ஆள் சுட்டதாகத்தான் சாட்சிகளின் பேச்சு இருக்கிறது. மற்றக் குண்டுகள் எல்லாம் ஒரே துப்பாக்கியுடையவை. அப்படியானால் மூன்றாவது எப்படி வந்தது? போலீஸ் கையில் இருந்தபோது மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். கேள்வி பலமானது. நுண்ணோக்கி குண்டைத்தான் பார்க்கும், குண்டு வந்த வழியைப் பார்க்காது. சாட்சிப் பொருட்கள் அப்படியொன்றும் பூட்டிப் பாதுகாக்கப்படவும் இல்லை. 1923இல் எதிர்த் தரப்பு நிபுணர் ஒருவர் துப்பாக்கிகளைக் கழற்றிக் காட்டியபோது சாக்கோவுடையதில் வேறு குழல் ஏறிவிட்டதாகப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ஆனால் ‘மாற்றியிருக்கலாம்’ என்பதை இவர்கள் ‘மாற்றினார்கள்’ என்று ஏற்றுகிற இடத்தில் நான் நின்றுவிட்டேன். தேயர் செய்ததும் இதே காரியம்தானே?

இத்தனை சர்ச்சையிலும் வன்செட்டியை மறந்துவிடுகிறோம். அவரிடம் இருந்தது .38 ரிவால்வர். உடல்களில் கிடைத்த ஒரு குண்டும் அதிலிருந்து வந்ததல்ல. செத்த காவலரிடமிருந்து பறித்த துப்பாக்கி அது என்றுதான் அரசுத் தரப்பு சொல்லிப் பார்த்தது. சாக்கோவின் துப்பாக்கி நூறு சதவீதம் பொருந்தினாலும் அது வன்செட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதே நாளில் அவரும் செத்தார்.

2023இல் மேரிலாந்து மாநில உச்ச நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தது என்று நிபுணர் அடித்துச் சொல்ல அறிவியல் போதாது. குண்டில் உள்ள தடங்கள் அந்தத் துப்பாக்கியின் தடங்களோடு ஒத்துப்போகின்றனவா இல்லையா என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1921இல் தூண்டிலாக இருந்த அதே சொல் இன்று கடிவாளமாகியிருக்கிறது. தன் எல்லையைத் தெரிந்துகொண்டு சொன்னால் அது நேர்மையான சொல். எல்லையை மறைக்க ப்ராக்டர் அதைச் சொன்னார், கேட்டவர்கள் ஆளுக்கொன்றாக நிரப்பிக்கொண்டார்கள்.

சாக்கோ சுட்டாரா? சுட்டிருக்கக்கூடும் என்றே இன்று நினைக்கிறேன். 1921இல் அந்த ஜூரிக்குத் தரப்பட்டதை வைத்து அவரைக் கொல்ல முடியாது என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாக மனசில் வைத்துக்கொள்வது சிரமமாகத்தான் இருக்கிறது.