‘உண்டு’ என்றால் போதுமா?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மலத்தைச் சோதித்த ஆய்வகம் ‘ரோட்டா வைரஸ் உண்டு’ என எழுதித் தருகிறது. நோயின் காரணம் தெரிந்துவிட்டதென்று பெற்றோர் ஆறுதலடைகின்றனர். வாசகர்களே, இந்த ஆறுதல் எவ்வளவு தூரம் சரியானது? இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பழகியவன் என்ற முறையில் இத்தகைய அறிக்கைகள் மீது எனக்கு ஒரு குறை உண்டு. அளவிடக்கூடிய ஒன்றை அவை அளவின்றிச் சொல்கின்றன.

குறையை விளக்குமுன் சற்று வரலாறு. 1968இல் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் நார்வாக் நகரப் பள்ளி ஒன்றில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவின. அதற்குக் காரணமான, சுமார் 27 நானோமீட்டர் விட்டமுடைய வைரஸை 1972இல் ஆல்பர்ட் கப்பிக்கியன் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். மறு ஆண்டே மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் வேறொரு வைரஸைக் கண்டறிந்தனர். சக்கரம் போன்ற அதன் தோற்றத்தால் அது ரோட்டா வைரஸ் எனப் பெயர் பெற்றது.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் தென்பட, ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 லட்சம் துகள்களாவது இருக்கவேண்டும். ரோட்டா வைரஸ் நோய் உச்சத்திலிருக்கும்போது ஒரு கிராம் மலத்தில் 1000 கோடிக்கு மேலும் இருக்கக்கூடும். எனவே அது தப்பாது. சிறிதளவே இருந்தால் கண்ணில் படாது. கருவியின் மந்தமே ஒரு காவலாக இருந்தது எனலாம்.

இன்றைய பி.சி.ஆர். முறையில் அக்காவல் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் மரபுப்பொருள் இரட்டிக்கிறது. 10 சுற்றில் ஆயிரம் மடங்கு; 30 சுற்றில் 100 கோடி மடங்கு. மிகச் சிலவற்றையும் இது பிடித்துவிடும். நார்வாக் வைரஸ் சேர்ந்த நோரோ வைரஸ் இனம், நோய் தீர்ந்து சில வாரங்கள் வரைகூட மலத்தில் வெளிப்படலாம். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தில் இருப்பதும் உயிருள்ள, வீரியம் குறைந்த வைரஸே. மருந்து கொடுத்த சில நாட்களில் சோதித்தால் அதுவும் ‘உண்டு’ எனக் காட்டக்கூடும்.

கைகர் எண்ணியை நினைத்துப் பாருங்கள். கதிரியக்கப் பொருள் அருகில் இல்லாதபோதும் அது எண்ணிக் கொண்டேயிருக்கும். அந்தப் பின்னணி எண்ணிக்கையைக் கழிக்காமல் எந்த மாணவனும் விடை எழுதுவதில்லை. மலப் பரிசோதனையில் பின்னணி எது? நலமாக உள்ள குழந்தைகளின் மலம்தான்.

இதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. கடும் வயிற்றுப்போக்குள்ள 9,439 குழந்தைகளுள் 83 சதவீதத்தினரிடம் ஏதேனும் ஒரு நோய்க்கிருமி இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட, அந்நோயில்லாத 13,129 குழந்தைகளுள்? 72 சதவீதம்! இது பாக்டீரியா, ஒட்டுண்ணி முதலியவற்றையும் சேர்த்த கணக்கு. 2016இல் அதே ஆய்வின் மாதிரிகளுள் ஒரு பகுதியைக் கிருமியின் அளவையும் கருதி மீண்டும் சோதித்தனர். அடினோ வைரஸ் 40, 41 வகைகளின் பங்கு முன் கணக்கைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காகவும், ஷிகெல்லா பாக்டீரியாவின் பங்கு இரு மடங்காகவும் உயர்ந்தன.

எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்பது கருவிக்குத் தெரியும். ஆனால் பல அறிக்கைகளில் அந்த எண் இடம்பெறுவதில்லை. கருவிக்குக் கருவி எண் மாறும், மலத்தின் நீர்மையும் மாறும் என்று மறுப்பவர்கள் உண்டு. அது நியாயமே. அதற்கு வழி, பிழை வரம்போடு எண்ணைத் தருவது, மறைப்பதன்று.

இது ஏட்டளவு வாதமன்று. ‘வைரஸ் உண்டு’ என்றதோடு தேடல் நின்றால், உடனிருக்கும் ஷிகெல்லா கவனிப்பின்றிப் போகலாம்; அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். ‘இல்லை’ என்ற சொல்லை மட்டும் நம்பி வேண்டாத ஆன்டிபயாடிக் கொடுப்பதும் நிகழலாம்.

முடிவு எதுவாயினும் முதல் மருந்து ஒன்றே: உப்பு-சர்க்கரைக் கரைசல். அதைத் தர எந்த அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அறிக்கை கைக்கு வந்தபின், ‘உண்டா?’ என்பதோடு நில்லாமல் ‘எவ்வளவு?’ என்றும் கேளுங்கள்.